றோஸியின் பதினொரு வாசிகள்

1

இந்தக் கதை எனக்கு ஒரு போத்தலுக்குள் கிடைத்தது. கடலில் மிதந்து வந்த போத்தல் என்று எழுதக் கை துறுதுறுக்கிறது. இல்லை. கொழும்பு, வெள்ளவத்தை காலி வீதியில், நிலாமின் போட்டோக்கொப்பிக் கடையில், தட்டில் தூசி பிடித்துக் கிடந்த பழைய ஹோர்லிக்ஸ் போத்தல் அது. உள்ளே பத்துச் சட்டைப் பொத்தான்கள். ஒவ்வொன்றிலும் சிவப்பு நகப்பூச்சால் ஒன்றிலிருந்து பத்து வரை ஓர் இலக்கம். போர் முடிந்து ஏழு வருடங்கள் ஆகியிருந்தன. காணி உறுதிப் பத்திரம் ஒன்றைப் பிரதி எடுக்கப் போயிருந்த நான், மெஷின் சூடாகும்வரை பொழுது போகட்டும் என்று, "இதென்ன, நானா?" என்று அண்ணன் முறை வைத்துக் கேட்டு வைத்தேன்.

நிலாம் சொல்லத் தொடங்கினார். மெஷின் சூடாகி, ஆறி, மறுபடி சூடானது. தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு, இதே கடையின் பின்னறையில், ஞாயிறு மத்தியானங்களில் மூன்று பேர் விளையாடிய ஒரு விளையாட்டைப் பற்றிச் சொன்னார். நடுவில் ஒரு பெண்ணின் பெயரைச் சொன்னார். நான் பக்கத்தில் இருந்த கடதாசிப் பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

அந்தப் பெண்ணை எனக்குத் தெரியும். வாழ்நாளில் ஒரே ஒரு தடவை, நாற்பது நிமிடங்கள் பார்த்திருக்கிறேன். எங்கே என்று ஆறாம் பகுதியில் சொல்கிறேன். இப்போதே சொன்னால் நீங்கள் அவளை விட்டுவிட்டு என்னைப் பார்க்கத் தொடங்கிவிடுவீர்கள். எனக்கும் அந்த ஆசை கொஞ்சம் உண்டு, அடக்கிக்கொள்கிறேன்.

ஆக, நிலாம் சொன்னது ஒரு பங்கு, என் நாற்பது நிமிடம் ஒரு பங்கு. மிச்சம் எல்லாம் என் கைச்சரக்கு.

2

முதல் தொடக்கம்: "தலைநகரின் மீது யுத்தத்தின் கரிய நிழல் படர்ந்திருந்த அந்த ஆவணி மாதத்தில்—"

விட்டுவிட்டேன். பாலேஸ்வரிக்கு, நான் பார்த்த அந்தப் பெண்ணுக்கு, நிழலைப் பற்றி ஒன்றும் தெரியாது. கொழும்பில் தங்கத் தமிழருக்கு வேண்டியிருந்த பொலிஸ் பதிவுத் துண்டைத் தெரியும், அது எந்தத் திகதியோடு முடிகிறது என்று தெரியும்.

இரண்டாவது தொடக்கம்: "றோஸிக்கு அடையாள அட்டை கிடையாது."

இது எனக்குப் பிடித்திருக்கிறது. றோஸி நிசப் பெண் அல்ல. பாலேஸ்வரி அந்த விளையாட்டில் எடுத்துக்கொண்ட வேடம். பாலேஸ்வரிக்கு வயது இருபத்தெட்டு, தொண்ணூற்றைந்தில் யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து, வெள்ளவத்தையில் கடற்கரை ஒழுங்கை ஒன்றின் மேல்மாடி அறையில் இருந்தவள். வாசலைத் தாண்டுமுன் கைப்பையைத் திறந்து அடையாள அட்டை, பதிவுத் துண்டு, வீட்டுக்காரியின் கடிதம், இவை ஒவ்வொன்றிலும் ஐந்து பிரதி என்று எண்ணிப் பார்ப்பாள். பாண் வாங்கப் போனாலும் அப்படித்தான். பிரதிகள் எடுக்க வந்து வந்துதான் நிலாமின் கடையில் பழக்கமானாள். றோஸி கையை வீசிக்கொண்டு நடந்தாள்.

விளையாட்டு இதுதான். ஒருவர் நடுவர். அவர் ஒரு நகரத்தை வாயால் கட்டி எழுப்புவார். மற்றவர்கள் அந்த நகரத்தில் தாங்கள் யார், இப்போது என்ன செய்கிறோம் என்று சொல்வார்கள். செய்ய நினைத்தது நடக்குமா நடக்காதா என்று ஐயம் வந்தால் போத்தலைக் குலுக்கிப் பொத்தான் எடுக்க வேண்டும். பெரிய இலக்கம் வந்தால் நடக்கும்.

நடுவர் கொன்ஸ்ரன்ரைன். கொட்டாஞ்சேனைக்காரர், கொச்சிக்கடையில் ஒரு கப்பல் முகவர் கந்தோரில் கிளாக்கர். ஏதோ ஒரு கப்பல்காரன் மறந்துவிட்டுப் போன ஆங்கிலப் புத்தகம் ஒன்று அவர் கைக்கு வந்தது. வரப்போகும் காலத்தைப் பற்றிய விளையாட்டு விதிகள். அந்தக் காலத்தில் எல்லாவற்றையும் கணினி ஆளும். கள்ளர் காதுக்குப் பின்னால் வயரைச் செருகிக்கொண்டு, கண்ணை மூடி, கணினிக்குள் இறங்குவார்கள்.

இப்போது சோகத்தைக் கேளுங்கள். கணினிக்குள் இறங்குவது எப்படி என்று சொல்லும் அத்தியாயம் கடல்நீர் பட்டு ஒட்டிப்போய்க் கிடந்தது. பிரிக்கப் போனால் பதினாலு பக்கமும் கையோடு மாவாக வந்தது. புத்தகத்தின் உயிரே அதுதான். வேறு யாரும் என்றால் தூக்கி எறிந்திருப்பார்கள். கொன்ஸ்ரன்ரைன், பாலேஸ்வரி, நிலாம் மூன்று பேரும் தாங்களே விதி எழுதினார்கள்.

3

அவர்கள் எழுதிய விதிக்குப் பெயர் வாசி. உனக்கொரு மேல்கை, ஒரு சாதகம் என்கிற கருத்தில் கொழும்பில் எல்லோரும் சொல்கிற சொல்தான். உள்ளே இறங்குமுன், அந்தக் கணினியைப் பற்றியோ அதைக் காக்கிறவர்களைப் பற்றியோ உண்மையான ஒரு சங்கதி தெரிந்திருந்தால், அது ஒரு வாசி. எடுத்ததைத் திரும்பப் போட்டுவிட்டு, ஒரு வாசிக்கு ஒரு பொத்தான் மேலதிகமாக எடுக்கலாம். வந்த இலக்கங்களில் பெரியதை வைத்துக்கொள்ளலாம்.

புத்தகத்தின் நகரம் வேறெங்கோ இருந்தது. மூவருக்கும் அதைக் கண்ணுக்குள் கொண்டுவர முடியவில்லை. ஆகவே கொன்ஸ்ரன்ரைன் நகரத்தையே கொழும்புக்கு மாற்றிவிட்டார். வருடம் 2061. கடல் காலி வீதி வரை ஏறிவிட்டது. வெள்ளவத்தையிலிருந்து கொள்ளுப்பிட்டிக்கு வள்ளத்தில்தான் போக வேண்டும். தண்ணீருக்கு அடியில் பழைய கடைகளின் பெயர்ப்பலகைகள் இன்னும் எரிந்துகொண்டிருக்கும். மீன்கள் பாமசி மருந்துக்கடைக்குள் போய் வரும்.

"றோஸி துறைமுகக் களஞ்சியத்துக்கு முன்னால நிக்கிறா," என்றார் கொன்ஸ்ரன்ரைன். "உள்ளுக்கு ஒரு கணினி. அதுல ஒரு பேர்ப் பட்டியல். அதுல இருந்து ஒரு பேர அழிக்கணும். என்ன செய்றீங்க பாலா?"

"நான் ஒண்டும் செய்யேல்லை. வாசல்லை நிக்கிறன். மூண்டு நாள் நிக்கிறன்."

"நின்னு?"

"ஆர் எத்தினை மணிக்குச் சாப்பிடப் போகினம் எண்டு பாக்கிறன்."

"சரி, வாசி ஒண்ணு."

"காவல்காரன்ரை பேரைக் கேட்டு வைக்கிறன். பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் ஆக்கள் உடனை சந்தேகப்பட மாட்டினம்."

"ரெண்டு."

"கூட்டித் துடைக்கிற ஆக்களின்ரை உடுப்பு மாதிரி ஒண்டு தைச்சு எடுக்கிறன். மாசக் கடைசி வரைக்கும் பொறுத்திருக்கிறன். அப்ப கணினிக்கும் வேலை கூட, ஆளைக் கவனியாது."

"நாலு. போதும், இறங்குங்க."

"பொறுங்கோ அண்ணா. இன்னும் ஒண்டு பாக்கோணும்."

நிலாமின் வேடம் வள்ளக்காரன். "தங்கச்சி, நான் வெளிய வள்ளத்தில ஈக்கிற. மூணு நாளா ஈக்கிற. மீன் எல்லாம் என்னத் தெரிஞ்ச மாதிரிப் பாக்குது," என்றார், காத்திருந்து அலுத்த குரலில்.

பாலேஸ்வரி வாய்விட்டுச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்தது அந்த அறையில்தான் என்று நிலாம் சொன்னார்.

இந்த இடத்தில் நீங்கள் ஒன்றை எதிர்பார்த்திருப்பீர்கள். பொலிஸ் வரும், துறைமுகம், காவல்காரன், சாப்பாட்டு நேரம் என்று வாசிகளை எழுதிவைத்த நோட்டுக் கொப்பியைக் காணும், மூன்று பேரையும் அள்ளிக்கொண்டு போகும். நானும் எதிர்பார்த்தேன். பொலிஸ்காரர் ஒருவர் உண்மையாகவே வந்தார். கொப்பியைத் திரும்பியும் பார்க்கவில்லை. போத்தலைக் காட்டி, "மே மொகத?" என்று, இது என்ன என்று, கேட்டார். நிலாம், "செல்லமக் மாத்தயா," என்று, விளையாட்டுத்தான் ஐயா என்று, போத்தலை நீட்டினார். அவர் ஒரு பொத்தான் எடுத்தார். இரண்டு. முகம் வாடிப்போய், இன்னொன்று எடுக்கலாமா என்று கேட்டார். வாசி இல்லாமல் முடியாது என்று கொன்ஸ்ரன்ரைன் சிங்களத்தில் விளக்கினார். அவர் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார்.

4

கொன்ஸ்ரன்ரைனை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. முதல் பிரதியில் அவர் பாலேஸ்வரியை மனதுக்குள் விரும்பினார். கொச்சிக்கடை அந்தோனியார் கோயில் பூசை முடிந்து வரும்போது அவளுக்காக மெழுகுதிரி— இதை நிலாமுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அந்த வருடம் கொன்ஸ்ரன்ரைனுக்கும் மெற்றில்டா என்ற பெண்ணுக்கும் கல்யாணம் நிச்சயமாகி, அழைப்பிதழே இந்தக் கடையில்தான் அடித்தார்களாம். சரி, காதல் போய்விட்டது. நல்ல நடுவர் மட்டும் மிஞ்சியிருக்கிறார்.

நல்ல நடுவர் என்பதால் அவருக்கு ஒரு கவலை. பாலேஸ்வரி வாசி சேர்த்துக்கொண்டே போனாள், இறங்குவதே இல்லை. ஒரு ஞாயிறு அவர் புதிய விதி கொண்டுவந்தார். ஐந்து வாசிக்கு மேலே போனால், கூடுகிற ஒவ்வொரு வாசிக்கும் கணினியின் காவலும் ஒரு பொத்தான் எடுக்கும், அதன் இலக்கம் பெரிதானால் ஆள் அகப்பட்டுவிடும்.

"இது அநியாயம் அண்ணா," என்றாள் பாலேஸ்வரி. "கனக்கத் தெரிஞ்சு வைச்சிருக்கிறது பிழையோ?"

"பிழையில்ல. நான் தினம் ரெண்டு சென்றிச் சோதனை தாண்டி வேலைக்குப் போறேன். தடுமாறி முழிக்கிறவன விட்டுருவாங்க. கேக்க முந்தி எல்லாத்தையும் சரியாச் சொல்றான் பாருங்க, அவனத்தான் ஓரமா நிப்பாட்டுவாங்க."

அவளுக்கு விளங்கியது, ஆனாலும் சேர்ப்பதை நிறுத்த முடியவில்லை. அது அவள் குணம் மட்டுமல்ல. அந்த வருடங்களில் வெள்ளவத்தையில் இருந்த எங்கள் சனம் முழுவதும் அப்படித்தான் இருந்தது. ஒரு கடதாசி குறைந்ததால் அள்ளப்பட்டவர்களை எல்லோருக்கும் தெரியும். ஒரு கடதாசி கூடிப்போனதால் அகப்பட்டவன் என்று ஒருவனையும் நாங்கள் கேள்விப்பட்டதில்லை.

இரவில் அவளுக்கு றோஸியின் நகரம் கனவில் வந்ததாக எழுதியிருக்கிறேன். நிலாம் அப்படிச் சொல்லவில்லை, நானே கொடுத்தது. கனவில் காலி வீதி முழங்கால் அளவு இளஞ்சூட்டுத் தண்ணீர். சென்றி இருந்த இடங்களில் மணல்மூட்டைகள் கரைந்து, சங்குகள் முளைத்திருக்கின்றன. யாரும் எதையும் கேட்கவில்லை. அவள் கைப்பையைத் தேடுகிறாள், காணவில்லை, அதனால் ஒன்றும் ஆகவுமில்லை. தண்ணீருக்கு அடியில் ஒரு ரெலிபோன் அடித்துக்கொண்டே இருக்கிறது.

5

ரெலிபோனைச் சொல்லத்தான் வேண்டும்.

பாலேஸ்வரி கல்யாணமானவள். மாப்பிள்ளை நாகேந்திரம் வெளிநாட்டிலிருந்து ஒன்பது நாள் லீவில் வந்து, தாலி கட்டி, பத்தாம் நாள் விமானம் ஏறியவர். எந்த நாடு என்று எழுத மாட்டேன். அவளைக் கூப்பிட அவர் மனுப் போட்டார். தூதரகத்தில் முதல் நேர்முகம் நடந்தது. அவர் எந்த ஷிஃப்ட் வேலை, வீட்டில் எத்தனை அறை, இரவில் எந்தப் பக்கம் படுப்பார் என்று கேட்டார்கள். ஒன்பது நாளில் ஒருத்தி எதை அறிவாள்? ஏழு தரம் "தெரியாது" என்றாள். இது உண்மையான கல்யாணமாகத் தெரியவில்லை என்று கடிதம் வந்தது. மேன்முறையீட்டில் இன்னொரு நேர்முகம் கொடுத்தார்கள். அதுதான் கடைசி.

அன்றிலிருந்து சனிக்கிழமைதோறும் நிலாமின் கடையில் இரண்டாம் இலக்க ரெலிபோன் கூண்டுக்குள் கொப்பியோடு நின்றாள். அவர் சாப்பிடாத மரக்கறி எது, பக்கத்து வீட்டுக்காரர் பெயர் என்ன, குளியலறைக் கதவு எந்த நிறம். ஞாயிறு விளையாட்டுக்கு முன் ஒரு மணித்தியாலம் கொன்ஸ்ரன்ரைன் அதிகாரியாக நடிப்பார். கேள்வி கேட்பார், அவள் கொப்பியைப் பாராமல் சொல்வாள். அதையும் அவர்கள் வாசி என்றே சொன்னார்கள்.

ஒரு சனிக்கிழமை கூண்டிலிருந்து வெளியே வந்தவளின் கொப்பியில் ஒன்றும் எழுதப்பட்டிருக்கவில்லை. மறுநாள் பொத்தான்களை மேசையில் கொட்டிவிட்டு அவள் சொன்னாள்.

"நேற்று அவர் கதைக்கேக்கை பின்னாலை ஒரு சின்னப்பிள்ளை கூப்பிட்டுக் கேட்டது. 'அப்பா, ரீவியைப் போட்டுவிடுங்கோ' எண்டு. ஆர் எண்டு கேட்டன். வீட்டுக்காரற்றை பிள்ளை, அது எல்லாரையும் அப்பா எண்டுதான் கூப்பிடும் எண்டார். அதுக்குப் பிறகு கதையை மாத்திப்போட்டார்." நடுவரை நிமிர்ந்து பார்த்தாள். "அண்ணா, இது வாசியோ?"

கடற்கரை ரயில் ஒன்று போய், கண்ணாடிகள் அதிர்ந்தன. கொன்ஸ்ரன்ரைன் விதிப் புத்தகத்தை மூடினார்.

"உண்மைன்னு தெரிஞ்சாத்தான் வாசி. இது என்னன்னே தெரியலியே பாலா."

நிலாமுக்குக் கோபம் வந்துவிட்டது. "அந்த மனுசன்ட்ட நேராக் கேளுங்க தங்கச்சி. பொண்டாட்டி கேக்காம வேற யார் கேக்கிற?"

"கேட்டு, அவர் கோவிச்சு மனுவைத் திருப்பி எடுத்தால்? என்ரை பதிவு மார்கழியோடை முடியுது நானா. பக்கத்து அறைப் பெட்டையை ரவுண்டப்பிலை சுத்திவளைச்சுக் கொண்டுபோய் மூண்டு நாளாலை விட்டவங்கள். இப்ப ஆர் கதவிலை தட்டினாலும் அவள் திறக்கிறேல்லை. எனக்கு இஞ்சை இருக்கேலாது. அங்கை போய் என்னவாயிருந்தாலும் பாப்பம் எண்டு ஒரு மனம் சொல்லுது. போய் ஒரு பிள்ளையின்ரை முகத்தைப் பாத்து நான் ஆரெண்டு சொல்லுறது எண்டு மற்ற மனம் கேக்குது."

அன்றும் விளையாடினார்கள். றோஸி கடைசியில் களஞ்சியத்துக்குள் இறங்கினாள். (இந்தக் காட்சியை மூன்று விதமாக எழுதி, மூன்றையும் கிழித்துவிட்டேன். எஞ்சியது இவ்வளவு.) கணினிக்குள் ஒரு நீண்ட வீடு. தரையெல்லாம் தண்ணீர், தண்ணீருக்குள் வெளிச்சம். காவல்காரனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள், அவன் வழிவிட்டான். எல்லாக் கதவும் அவள் அறிந்து வைத்திருந்தபடியே திறந்தன. கடைசிக் கதவுக்கு முன்னால் நின்றாள். அவளிடம் பதினொரு வாசி இருந்தது.

"எடுங்க பாலா," என்றார் கொன்ஸ்ரன்ரைன்.

அவள் பொத்தான்களைப் போத்தலுக்குள் திரும்பப் போட்டு மூடியை இறுக்கினாள். அதற்குப் பிறகு அவர்கள் விளையாடவில்லை.

6

அடுத்த புதன்கிழமை நேர்முகம். அந்த அறையில் மூன்று நாற்காலி. ஒன்றில் அதிகாரி. ஒன்றில் பாலேஸ்வரி. மூன்றாவதில் நான்.

ஆம், நான் அங்கே மொழிபெயர்ப்பாளனாக இருந்தேன். கேட்டதை அப்படியே சொல்வேன், கூட்டமாட்டேன், குறைக்கமாட்டேன் என்று சத்தியக் கடதாசியில் கையொப்பம் வைத்திருந்தேன். மூன்று வருடம் அந்த வேலை செய்தேன். நான் கதை எழுதத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

அதிகாரி நடுத்தர வயதுப் பெண். கெட்டவர் இல்லை, களைத்தவர். அன்று காலை என்னிடம், "எல்லோரும் பாடமாக்கிக்கொண்டு வருகிறார்கள். யார் மனைவி, யார் மாணவி என்று எனக்கே தெரியவில்லை," என்று அலுத்துக்கொண்டார்.

பாலேஸ்வரி வந்தாள். ஷிஃப்ட், அறைகள், அயலவர் பெயர், அவர் சாப்பிடாத பூசணிக்காய். ஒரு தடுமாற்றம் இல்லை. எனக்கு மொழிபெயர்க்கவே சுகமாக இருந்தது. குளியலறைக் கதவின் நிறத்தை அதிகாரி கேட்குமுன்னரே சொன்னாள். அந்த இடத்தில் அதிகாரியின் பேனா எழுதுவதை நிறுத்தியதை நான் கண்டேன். அவள் காணவில்லை.

அதிகாரி கோப்பை மூடினார். பிறகு, அதற்கு முன்னும் பின்னும் நான் அந்த அறையில் கேட்டிராத ஒரு கேள்வியைக் கேட்டார். நான் தமிழில் சொன்னேன்.

"உங்கள் கணவரைப் பற்றி உங்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லுங்கள்."

பாலேஸ்வரி நாற்காலியில் திரும்பினாள். பதில் சொல்லும்போது எல்லோரும் அதிகாரியைப் பார்ப்பார்கள், அவள் என்னைப் பார்த்தாள்.

"அவர் இருக்கிற வீட்டிலை ஒரு பிள்ளை அவரை அப்பா எண்டு கூப்பிடுது. அது ஆற்றை பிள்ளை எண்டு எனக்குத் தெரியாது. நான் வடிவாக் கேக்கேல்லை. கேக்கப் பயம்."

நான் வாயைத் திறக்குமுன் குரலை இன்னும் தாழ்த்திச் சொன்னாள்:

"இதை அவவுக்குச் சொல்லுறதோ விடுறதோ, அண்ணா, நீங்களே பாத்துச் சொல்லுங்கோ."

7

முடிவு அ: நான் அப்படியே சொன்னேன். அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். பாடமாக்கியவள் ஒருத்தி இதைச் சொல்லமாட்டாள், இவள் மனைவிதான் என்று விளங்கி முத்திரை குத்தினார். பாலேஸ்வரி பனி கொட்டும் ஒரு விமான நிலையத்தில்— எனக்குப் பனி தெரியாது.

முடிவு ஆ: நான் அப்படியே சொன்னேன். அதிகாரி இரண்டு வரி எழுதினார். மண்ணிற உறை ஒன்று கடற்கரை ஒழுங்கைக்கு வந்தது. மார்கழி முடிந்தது. தை மாதச் சுற்றிவளைப்பில்— இதை எழுத எனக்கு மனம் வரவில்லை.

முடிவு இ: "பூசணிக்காயை அவர் ஏன் வெறுக்கிறார் என்று இவருக்குத் தெரியாதாம்," என்று சொன்னேன். அதிகாரி அன்று முதன்முதலாகச் சிரித்தார். பாலேஸ்வரி போய்ச் சேர்ந்தாள். மணியை அடித்தாள். கதவைத் திறந்த பிள்ளை அண்ணாந்து பார்த்து—

இவற்றில் ஒன்றின் முதல் வரி நடந்தது. நான் ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் சொன்னேன். அது இன்றைக்கும் எழுத்துக்கு எழுத்து ஞாபகம் இருக்கிறது, என் மனைவிக்குக்கூடச் சொன்னதில்லை. தூதரகத்தின் முடிவு தபாலில் போகும், மொழிபெயர்ப்பாளனுக்கு ஒருவரும் சொல்லமாட்டார்கள். நிலாமுக்குத் தெரியும். அன்று கடையில், "அந்தப் புள்ள இப்ப—" என்று அவர் தொடங்கியபோது கையைக் காட்டி நிறுத்திவிட்டேன். அவள் நன்றாக இருக்கிறாள் என்றால் நான் செய்தது சரி என்று நெஞ்சை நிமிர்த்திவிடுவேன். இல்லையென்றால் தாங்கமாட்டேன். இரண்டுக்கும் எனக்கு உரிமையில்லை. எனக்கு வெட்கமாக இருக்கிறது, அவ்வளவுதான்.

ஆகவே எழும்புகிறேன். நீங்கள் வந்து மூன்றாவது நாற்காலியில் உட்காருங்கள். உங்களுக்குத் தமிழ் தெரியும். அவள் சொன்னதை முழுவதும் கேட்டீர்கள், அவள் எதற்குப் பயந்தாள் என்றும் தெரியும், அன்றைக்கு நான் அறிந்திருந்ததைவிட உங்களுக்குக் கூடவே தெரியும். அவள் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு உங்களையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஆங்கிலம் அவளுக்குப் பாதி விளங்கும். அதிகாரி மூடிய கோப்பை மறுபடி திறந்து, பேனாவை எடுத்துக்கொண்டு உங்கள் பக்கம் திரும்புகிறார்.

"என்ன சொல்கிறார்?"